சீ கடெற்ஸில் பிள்ளை மேலே ஏற என்ன வழி: முல்லைத்தீவிலிருந்து ஒரு மாமா எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி தாண்டினால் எனக்குப் போன் வரத் தொடங்கும். லண்டனில் அப்போதுதான் காலைச் சாப்பாடு முடிந்திருக்கும். "அண்ணை, பெடியன் ஒரு வருசமா ஓர்டினரியிலயே நிக்கிறான். அவனோட சேர்ந்த வெள்ளைக்காரப் பெட்டை ஏபிள் ஆகிட்டாள். என்ன செய்யலாம்?" என்று ஒருவர். "மகளுக்கு இன்னும் லீடிங் குடுக்கேல்ல, நிறம் பாக்கிறாங்களோ?" என்று இன்னொருவர். ஓர்டினரி, ஏபிள், லீடிங் என்பவை சீ கடெற்ஸ் என்ற பிரித்தானியக் கடல்சார் இளையோர் அமைப்பில் பிள்ளைகள் ஏறுகிற படிகள். போட் எஞ்சின் திருத்தக் கொண்டுவந்தவர்கள் வாசலில் காத்திருக்க, நான் எங்கேயோ இருக்கிற பிள்ளையின் பதவி உயர்வைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்பேன். தனித்தனியே சொல்லி வாய் நொந்துவிட்டது. ஒருதரம் எழுதி வைத்தால் எல்லாருக்கும் அனுப்பிவிடலாம்.

நான் முல்லைத்தீவு ஆள். 2001 இல் லண்டன் போய் பதினைந்து வருசம் இருந்தேன். ஐயாவுக்கு ஏலாமல் போனதும் 2016 இல் திரும்பி வந்து, இப்போது சிலாவத்தையில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிறேன். லண்டனில் நான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனுக்குச் சற்றுத் தள்ளி ஆற்றங்கரையில் ஒரு சீ கடெற்ஸ் யூனிட் இருந்தது. கிழமையில் இரண்டு இரவு நீலச் சீருடையோடு பிள்ளைகள் கிறிஸ்ப்ஸ் வாங்க வருவார்கள். ஒருநாள் அவர்களின் பொறுப்பாளர் பெற்றோல் கானோடு வந்து, பாதுகாப்புப் போட்டின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதில்லை என்று புலம்பினார். வேலை முடிந்து போய்க் காபரேற்றரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன், பிடித்துவிட்டது. என் பொலிஸ் பதிவுகளைச் சரிபார்க்கும் அலுவல் முடிந்தபிறகு, சீருடை இல்லாத பயிற்றுநராக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருசம் அந்தப் பிள்ளைகளுக்கு எஞ்சினும் கயிறும் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் எங்கே ஏறுகிறார்கள், எங்கே சிக்கி நிற்கிறார்கள் என்று கிட்ட நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஊரில் இருக்கிறவர்களுக்கு

எங்கள் பக்கம் நேவி என்றால் வட்டுவாகல் முகாம்தான் நினைவுக்கு வரும். சீருடை போட்ட பதின்மூன்று வயதுப் பிள்ளை என்றால் என்ன நினைவுக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் மருமகனின் முதல் படத்தை, வெள்ளைத் தொப்பியும் நீலச் சட்டையுமாக, தங்கச்சி வட்ஸ்அப்பில் அனுப்பினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உவனை எப்ப விடுவினம்?"

"ஒன்பது மணிக்கு விடுவினம் அம்மா. தங்கச்சி கார் கொண்டுபோய் ஏத்துவாள்" என்றேன்.

அம்மா நம்பக் கொஞ்ச நாள் எடுத்தது. ஆகவே பேரப்பிள்ளையின் படத்தை வன்னிக்கு அனுப்பும் அம்மாக்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான்: முதலில் போனில் கதையுங்கள். முதல் படமாகப் பிள்ளை வள்ளத்தில் துடுப்போடு இருக்கிற படத்தை அனுப்புங்கள். சீருடைப் படம் பிறகு போகட்டும்.

சீ கடெற்ஸ் பிரித்தானியாவில் ஒரு தொண்டு நிறுவனம். மரைன் சொசைட்டியோடு 2004 இல் சேர்ந்து ஒரே அமைப்பாகிவிட்டது. ரோயல் நேவியின் ஆதரவு உண்டு, பழக்கவழக்கங்களும் நேவியுடையவை. ஆனால் பிள்ளை எதிலும் கையெழுத்து வைத்துக் கட்டுப்படவில்லை. விரும்பிய நாளில் விலகலாம், பெரிய ஆளானபின் நேவியில் சேர வேண்டும் என்ற கடமையும் இல்லை. சின்ன வயதிலேயே ஜூனியராகச் சேரலாம். 12 வயதில் கடெற் பகுதி தொடங்கி 18 ஆவது பிறந்தநாளோடு முடிந்துவிடும். ஆணும் பெண்ணும் ஒரே ஏணியில்தான் ஏறுகிறார்கள். இங்கே பள்ளிக்கூடங்களில் இருக்கிற மாணவர் படையணி வேறு, அதன் தரங்களும் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

அம்மாவை மாற்றியது ஒரு பழைய கதை. 1850களில் கிரிமியப் போர் முடிந்து ஊர் திரும்பிய கடற்படைக்காரர் சிலர், அந்தப் போரில் தகப்பனை இழந்த பிள்ளைகள் தெருவில் திரிவதைப் பார்த்துவிட்டு, அவர்களைக் கூட்டிப் படகும் ஒழுங்கும் பழக்கத் தொடங்கினார்களாம். விட்ஸ்டபிள் என்ற கரையோர ஊர் அதில் முந்தியது என்று சொல்லிக்கொள்ளும். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப அது தகப்பன் இல்லாத பிள்ளையளுக்குத் தொடங்கினதோ" என்றார். அதற்குப் பிறகு படத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

ஏணியின் படிகள்

சேர்ந்தவுடன் பிள்ளை நியூ என்ட்ரி. சில கிழமை சாதாரண உடுப்போடு வந்து, எப்படி நிற்பது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று பழகும். அங்கே நிலத்துக்கு டெக், குசினிக்குக் கலி, கழிப்பறைக்கு ஹெட்ஸ். கட்டடம் ஓடாத கட்டடம்தான், ஆனாலும் அதற்குக் கப்பல் என்றுதான் பேச்சு. பிறகு எல்லாருக்கும் முன்னால் உறுதிமொழி எடுத்துக் கடெற் ஆகும். அதற்கு மேலே வரிசையாக பெர்ஸ்ட் கிளாஸ் கடெற், ஓர்டினரி கடெற், ஏபிள் கடெற், லீடிங் கடெற், பெற்றி ஒபிசர் கடெற். அவ்வளவுதான். மரைன்ஸ் கடெற்ஸுக்கு வேறு பெயர்கள், ஜூனியர்களுக்குச் சின்ன ஏணி ஒன்று தனியே உண்டு. அவற்றை இங்கே விடுகிறேன்.

பெயர்களைப் பாடமாக்குவது பெரிய காரியமில்லை. கவனிக்க வேண்டியது, இந்த ஏணி நடுவில் மாறுகிறது என்பதை. ஏபிள் வரைக்கும் ஒரு மரத்தால் செய்த ஏணி, லீடிங்கில் இருந்து வேறு மரம். எனக்குப் போன் எடுக்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேரின் பிள்ளை அந்தப் பொருத்தில்தான் நிற்கிறது.

ஏபிள் வரைக்கும் எல்லாம் மொடியூல். கயிறு, துடுப்பு, அணிநடை, முதலுதவி, நீர்ப் பாதுகாப்பு, அமைப்பின் வரலாறு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகுதி. ஒவ்வொன்றையும் பயிற்றுநர் முன் செய்துகாட்டி, அவர் சரி என்று பதிய வேண்டும். தொகுதி நிறைந்தால், ஒழுங்காக வந்துபோகிற பிள்ளை என்றால், அடுத்த படி. இது எங்கள் ஆட்களுக்கு வடிவாக விளங்கும் கணக்கு. பாடம், சோதனை, பாஸ். எங்கள் பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஓடி ஏறிவிடுவார்கள். நான் கண்டவரையில் 12 வயதில் வந்த பிள்ளை 14, 15 வயதில் ஏபிள் ஆகிவிடும், வரவு குறையாவிட்டால்.

வரவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை கணக்கு ரியூசன், வெள்ளிக்கிழமை மிருதங்கம், இடையில் கிடைக்கிற நாளில் யூனிட் என்று வைத்தால் மொடியூல்கள் துண்டு துண்டாக நிற்கும். முதல் பாதியைக் கேட்டிருக்கும், இரண்டாம் பாதி நடந்த இரவில் பிள்ளை மிருதங்கத்தில் இருந்திருக்கும். தொகுதி நிறையாது. "ஒரு வருசமா நிக்கிறான்" என்று சொன்ன தகப்பனிடம் நான் கேட்டது, இந்த மாதம் எத்தனை இரவு போனான் என்று. இரண்டாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கயிறு

இதில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிகளில் பிள்ளைகளை அதிகம் அழவைப்பது போலைன் என்ற முடிச்சு. கயிற்று நுனியில் இறுகாத ஒரு கண்ணி வைப்பது. ஆள் தண்ணீரில் விழுந்தால் இடுப்பில் போட்டு இழுக்கலாம், கண்ணி சுருங்கி நெரிக்காது. என் ஐயா இதற்குப் பெயர் தெரியாமலே அறுபது வருசம் கட்டினவர். ஒரு கையால் கட்டுவார், மற்றக் கையில் பீடி இருக்கும்.

ஆங்கிலப் பிள்ளைகளுக்கு முயலையும் மரத்தையும் வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொன்னது நண்டுக்கதை. கயிற்றில் ஒரு முழம் விட்டு ஒரு சின்ன வளையம் போடு, அதுதான் நண்டு வளை. நீண்டு போகிற தாய்க்கயிறு வளைக்குப் பின்னால் நிற்கிற தாழை. நுனி நண்டு. நண்டு வளைக்குள் இருந்து மேலே வருகுது, தாழையைப் பின்பக்கத்தால் சுற்றுகுது, ஆளைக் கண்டு பயந்து வந்த வளைக்குள்ளேயே திரும்ப இறங்குகுது. இப்போது நண்டின் இரண்டு காலையும் ஒரு கையில் பிடி, தாழையை மற்றக் கையால் இழு. இறுகும். வளையத்தைப் போடும்போது தாய்க்கயிறு அடியில் கிடக்க வேண்டும், நுனிப் பக்கம் மேலே. மாறிப் போட்டால் நண்டு எங்கே சுற்றினாலும் முடிச்சு இழுக்க அவிழ்ந்துவிடும். முக்கால்வாசிப் பிள்ளை பிழைவிடுவது அந்த முதல் வளையத்தில்தான், சுற்றிலே அல்ல.

வீடியோவில் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கைபேசி முன்கமரா சில வேளை இடவலத்தை மாற்றிக் காட்டும். மருமகனுக்கு நான் இங்கிருந்து இரண்டு ஞாயிறு சொல்லிக்கொடுத்து, அவன் இரண்டு ஞாயிறும் கண்ணாடியில் தெரிகிறதைப் போலக் கட்டினான். பிறகு போனை என் தோளுக்குப் பின்னால் ஒரு பெடியனைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கட்டினேன். என் கை அவன் கை போலத் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கட்டினால் மட்டும் போதாது, எதற்குக் கட்டுவது என்றும் கேட்பார்கள். ரீஃப் நொட் எங்கள் பிள்ளைகள் செருப்புக் கயிறு கட்டிப் பழகியபடியால் சுகமாக வரும். இடது வலதின் மேல், பிறகு வலது இடதின் மேல். ஆனால் இரண்டு கயிற்றைத் தொடுத்துப் பாரம் இழுக்க அதை நம்பக்கூடாது. ஒரு பக்கம் வெட்டி இழுத்தால் வழுக்கிக் கழன்றுவிடும். அது பாயைச் சுருக்கிக் கட்டவும் காயத்துக்குத் துணி கட்டவும் உள்ளது. மொத்தக் கயிற்றையும் மெல்லிய கயிற்றையும் தொடுக்க வேண்டுமென்றால் சீட் பெண்ட். கம்பத்தில் அல்லது வளையத்தில் போட்டைக் கட்ட ஒரு முழுச் சுற்றும் இரண்டு அரைக் கண்ணியும். இந்த "எதற்கு" என்ற பகுதியை வீட்டில் யாரும் பழக்குவதில்லை, அங்கேதான் தடுமாறும்.

சீருடை பற்றி இரண்டு வார்த்தை

தொப்பியைச் சுற்றி வருகிற கறுப்பு நாடாவின் முடிச்சு இடது காதுக்கு மேலே நிற்க வேண்டும். அதைக் கட்ட முதல்முறை ஒரு மணித்தியாலம் எடுக்கும், அம்மா கட்டிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒருநாளும் வராது. சப்பாத்தையும் அப்படியே விடுங்கள். துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பொலிஷைத் தொட்டு, ஒரு சதம் அளவு வட்டமாகப் பிள்ளையே தேய்க்கட்டும். அயன் பிடிக்கவும் பழகட்டும். யார் அயன் பண்ணினது என்று பார்த்தவுடன் எங்களுக்குத் தெரியும்.

தண்ணீர்ப் பயம்

நீந்தத் தெரியாத பிள்ளையை ஒருவரும் தள்ளிவிடுவதில்லை, ஆனால் போட் வேலைக்கு முன் நீச்சல் பரிசோதனை உண்டு. பாய்மரம், தண்டுவலித்தல், கயாக் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் யூனிட்டில் ஒரு பிள்ளை அணிநடை, முதலுதவி எல்லாம் முதல்தரம், தண்ணீர் இரவு மட்டும் வயிற்றுவலி. தாய் எங்கள் கரைதான், கள்ளப்பாடு. 2004 டிசம்பர் 26 அவர் வீட்டில் யாரைக் கொண்டுபோனது என்று நான் எழுதமாட்டேன். பிள்ளைக்குப் பயமில்லை, தாய்க்குத்தான் பயம். தாயின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை நின்றுவிட்டது.

பொறுப்பாளரிடம் தாயின் சம்மதத்தோடு விசயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. அடுத்த சனி தாயைக் கரையில் வந்து இருக்கச் சொன்னார். உயிர்காப்பு அங்கியைத் தாயின் கையிலேயே கொடுத்து, நீங்களே போட்டுப் பூட்டிவிடுங்கள் என்றார். மூன்றாவது சனி அந்தத் தாய் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸோடு வந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் வயிற்றுவலி என்று எழுதி அனுப்பாமல் நேரே சொல்லுங்கள். சொன்னால்தான் ஒழுங்கு செய்யலாம்.

நங்கூரம் கிடைக்கிற இடம்

லீடிங் கடெற்றின் சின்னம் ஒரு நங்கூரம். நேவிப் பேச்சில் அதற்குக் கில்லிக் என்று பெயர், கல்லைக் கட்டி இறக்குகிற சின்ன நங்கூரம். எங்கள் வள்ளங்களில் கல்லுக் கட்டி விடுவார்களே, அதே சாமான்தான். பெற்றி ஒபிசர் கடெற்றுக்கு இரண்டு நங்கூரம் குறுக்காக, மேலே முடி.

இந்த இடத்தில்தான் எங்கள் கணக்குப் பிழைக்கிறது. தாய் தகப்பன் நினைப்பது, இதுவும் மேலதிகப் பாடம், இன்னும் கொஞ்சம் படித்தால் பாஸ். படிக்க உண்டுதான், மொடியூலும் உண்டுதான். ஆனால் அங்கே பார்க்கிறது, உன் கீழே நிற்கிற பிள்ளைகளுக்கு நீ என்ன செய்கிறாய் என்பதை. கரைவலை இழுக்கிறவன் பத்து வருசம் நன்றாக இழுத்தாலும் இழுக்கிறவன்தான். இன்றைக்கு எவன் காய்ச்சலோடு வந்திருக்கிறான், எவனைத் தண்ணீருக்குள் விடாமல் கரையில் வைக்க வேண்டும் என்று பார்க்கத் தொடங்கினால்தான் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். லீடிங் என்பது அந்தக் கூப்பிடல்.

நானே இதை விளங்காமல் ஒரு பிள்ளையைக் கெடுத்தேன். வேறு யாரும் அல்ல, என் மருமகன். நேர்முகத்துக்கு யூனிட்டுக்கு வெளியில் இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள் என்றதும், எனக்குள் இருந்த பழைய ரியூசன் வாத்தியார் எழும்பிவிட்டார். நாற்பது கேள்வி, நாற்பது விடை எழுதிக் கொடுத்தேன். தரவரிசை, கொடி மரியாதை, 1899 இல் விக்டோரியா மகாராணி வின்ட்சர் யூனிட்டுக்குச் சீருடைக்கென்று பத்துப் பவுண் கொடுத்தது, எல்லாம். பெடியன் தண்ணீர் போல ஒப்புவித்தான்.

நேர்முகத்தில் ஒரு அம்மையார் கேட்டிருக்கிறார்: "புதிதாக வந்த ஒரு பிள்ளை மூன்று கிழமையாக வரவில்லை. என்ன செய்வாய்?"

"டிவிசன் பொறுப்பாளருக்கு அறிவிப்பேன்" என்றான். சரியான விடைதான், நான் எழுதிக் கொடுத்த இருபத்திரண்டாவது விடை.

"நல்லது. உன் டிவிசனில் அப்படி ஒரு பிள்ளை இப்போது இருக்கிறதா?"

"ஓம்."

"அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. காரில் ஏறியதும் தாயிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறான். தாய் உடனே எனக்குப் போன் எடுத்தாள். இங்கே விடியப்புறம் இரண்டு மணி. நாற்பது கேள்வித் தாளை அவன் கிழித்துப் போட்டதாகச் சொன்னாள். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தரம் நான் வாய் திறக்கவில்லை. அவன் தானே போய் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்தானாம். பிள்ளைக்குத் தொப்பி முடிச்சுக் கட்ட வராது, எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள் என்று வராமல் நின்றிருக்கிறது. இவன் வழமையைவிட இருபது நிமிசம் முந்திப் போய், கதவடியில் நின்று கட்டிக் காட்டியிருக்கிறான், மூன்று கிழமை. எட்டு மாதம் கழித்து நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. நங்கூரம் கிடைத்தது.

ஆகவே ஏபிளில் நிற்கிற பிள்ளையின் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, கேள்வியை மாற்றுவது. யூனிட்டால் வந்தவுடன் "இண்டைக்கு என்ன மொடியூல் முடிச்சனி?" என்று கேட்காமல் "இண்டைக்கு ஆருக்கு என்ன சொல்லிக் குடுத்தனி?" என்று கேளுங்கள். முதல் ஒரு மாதம் "ஒருத்தருக்குமில்லை" என்றுதான் வரும். வரட்டும்.

இரண்டாவது, குரல். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கத்துவார்கள், அணிக்கு முன்னால் விட்டால் குசுகுசு. கட்டளை தொண்டையில் இருந்து வரக்கூடாது, அடிவயிற்றில் இருந்து வர வேண்டும். கரைவலைக்கு அம்பா பாடுகிறவர் எப்படிப் பாடுகிறார் என்று காட்ட ஒரு வீடியோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். அவர் கத்துவதில்லை. முதல் சொல்லை இழுத்து விட்டு, எல்லாருடைய கையும் கயிற்றில் பட ஒரு மூச்சு நேரம் விட்டு, அடுத்த சொல்லை வெட்டுவார். அணிநடைக் கட்டளையும் அதே அமைப்புத்தான். ஆயத்தப்படுத்துகிற சொல் நீளம், செய்விக்கிற சொல் கட்டை, நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை விடப் பயப்படுகிற பிள்ளையின் அணி நாலு பக்கமும் திரும்பும்.

மூன்றாவது கொஞ்சம் பாரமான விசயம். லீடிங் ஆன பிள்ளையிடம் சின்னப் பிள்ளைகள் வந்து வீட்டுக் கதை சொல்லும். அடி, குடி, பள்ளிக்கூடத்தில் நடக்கிற கொடுமை. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று கேட்கும். அங்கே சொல்லிக்கொடுப்பது, அப்படி வாக்குக் கொடுக்கக்கூடாது, கேட்டதைப் பொறுப்பான பெரியவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று. எங்கள் வீடுகளில் பழக்குவது நேர் எதிர்: வீட்டு விசயம் வாசல் தாண்டக்கூடாது. நேர்முகத்தில் இப்படி ஒரு நிலைமையைக் கொடுத்துக் கேட்டால் எங்கள் பிள்ளை "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று பெருமையாகச் சொல்லும். முன்கூட்டியே இருத்தி வைத்துக் கதையுங்கள்.

பதிவுக் கொப்பி

மொடியூல் முடிந்தால் கணினியில் ஏற்றுகிறவர்கள் தொண்டர்கள். பகல் முழுக்க வேறு வேலை செய்துவிட்டு வருகிற ஆட்கள், விடுபடும். ஒரு பிள்ளைக்கு வேறு இடத்தில் நடந்த வார இறுதிப் பயிற்சி ஒன்று ஏறாமல் போய், அது ஏற ஐந்து மாதம் எடுத்தது. கேட்டால் அவர்கள் இவர்கள் என்றார்கள், இவர்கள் அவர்கள் என்றார்கள். கடைசியில் அந்தப் பிள்ளையிடம் திகதியும் பயிற்றுநர் கையெழுத்தும் உள்ள கடதாசி இருந்தபடியால் தப்பியது. ஆகவே ஒரு கொப்பி வையுங்கள்: திகதி, மொடியூல், யார் பார்த்தது. சான்றிதழ்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருதரம் பிள்ளையே போய், கொப்பியைக் காட்டி, என்ன ஏறியிருக்கு என்று கேட்கட்டும். தாய் தகப்பன் போய்க் கேட்டால் முறைப்பாடு, பிள்ளை போய்க் கேட்டால் பொறுப்பு.

நிறம் பார்க்கிறாங்களோ என்று கேட்டவருக்கும் இதே கொப்பிதான் பதில். இல்லவே இல்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், பதினைந்து வருசம் பெற்றோல் ஸ்டேசனில் நின்றவன் நான். ஆனால் முதலில் கொப்பியைத் திறந்து என்ன குறையுது என்று பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். குறை ஒன்றும் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால் மேலே முறையிட வழி உண்டு, கையில் ஆதாரமும் இருக்கும். அந்த மகளின் கொப்பியில் முதலுதவி முடிந்திருக்கவில்லை.

பக்கத்துச் சின்னங்கள்

கை நிறையச் சின்னம் இருந்தால் பெரிய தரம் என்று சிலர் நினைக்கிறார்கள். முதலுதவி, எஞ்சின், சமையல், தொடர்பாடல் என்று திறமைச் சின்னங்கள் தனி, தரம் தனி. ஒன்றிரண்டில் ஆழமாகப் போகிற பிள்ளைக்குப் பிறகு சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பொருள் கையில் இருக்கும், லீடிங்குக்கு அது உதவும். எல்லாவற்றிலும் நுனி கடித்த பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. எடின்பரோ கோமகன் விருதையும் யூனிட் ஊடாகச் செய்யலாம், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. இடம் கிடைத்தால் சீ கடெற்ஸின் ரோயலிஸ்ட் பாய்க்கப்பலில் ஒரு கிழமை அனுப்புங்கள். இரண்டு பாய்மரம், சதுரப் பாய்கள், 1971 இல் இருந்து ஓடிய பழையதற்குப் பதிலாக 2015 இல் கடலுக்கு வந்த புதுக் கப்பல். வாடைக்காற்றில் வள்ளம் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் ஏறிச் சத்தி எடுத்ததை நான் கண்டிருக்கிறேன். எடுக்கட்டும்.

வயதுக் கணக்கு

18 ஆவது பிறந்தநாள் கதவு. 12 இல் சேர்ந்தால் ஆறு வருசம், 16 இல் சேர்ந்தால் இரண்டே வருசம். பிந்தி வந்த பிள்ளை பெற்றி ஒபிசர் ஆகவில்லை என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று. எங்கள் ஓ.எல். போன்ற ஜீசீஎஸ்ஈ சோதனை வருகிற அந்த வருசம், பிள்ளைக்குப் பதினைந்து பதினாறு வயது, லீடிங் கிட்ட வந்து நிற்கிற நேரம். அப்போதுதான் எங்கள் ஆட்கள் "சோதனை முடியட்டும்" என்று ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தின பிள்ளைகளில் திரும்பி வந்ததை நான் குறைவாகத்தான் கண்டேன். கிழமைக்கு இரண்டு இரவை ஒன்றாக்குங்கள், மே, ஜூன் மாதங்களில் லீவு கேட்டு எழுதிக் கொடுங்கள், அவர்கள் மறுப்பதில்லை. 18 முடிந்தபின் விருப்பம் என்றால் பெரியவர்களின் பக்கத்தில் தொண்டராகத் திரும்பிப் போகலாம். மருமகன் இப்போது அந்தப் பேச்சில்தான் இருக்கிறான்.

பழகக் கயிறு கேட்டவர்களுக்கு: எட்டு மில்லிமீற்றர் மொத்தம், இரண்டு மீற்றர் நீளம் போதும். நைலோனை விடப் பருத்தியோ பொலியெஸ்டரோ நல்லது, முடிச்சு வழுக்காது. ஆறு துண்டு வெட்டி, நுனிக்கு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை புதுக்குடியிருப்பில் இருந்து லண்டன் போகிற ஒருவரின் பெட்டியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் போகுது. ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கிறவர்கள் தங்கச்சியிடம் வாங்கிக்கொள்ளலாம்.